இல்லைக்கரசி

என் பெயர் தில்லைக்கரசி.
ஹென்னூர் ரோடு சர்வீஸ் சென்டரின் கம்ப்யூட்டர்
முதல் எழுத்தை விழுங்கிவிட்டு
இல்லைக்கரசி என்று ஜாப் கார்டு அடித்தது.
திருத்தச் சொல்லவில்லை.
பதினோரு மாதத்தில் மூன்றாவது முறை வந்திருக்கிறேன்.
இங்கே அதிகம் காதில் விழுந்த சொல் அது,
அதற்கு நான் அரசியாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

இஞ்சின் கம்பெனியுடையது.
பின்னால் அகலமாய் நிற்கும் இரண்டு சக்கரமும்
அவற்றைக் கோத்த அச்சும்
ஜே.சி. ரோடு நவாஸ் பாயின் கைவேலை.
முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு.
என் வலது காலுக்குப் பதில் சொல்ல
அத்தனை வேண்டியிருக்கிறது.
ஆர்.சி. புத்தகத்தில் இதன் வகை இன்வேலிட் கேரேஜ்.
செல்லாத வண்டி என்று படித்தாலும்
ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

சத்தம் நாற்பதைத் தொட்டதும் வரும்.
மொசைக் தரையில் ஸ்டீல் நாற்காலியை இழுப்பதுபோல் ஆரம்பித்து
அப்புறம் பல் கூசும்.
"சக்கரம் நம்மதல்ல மேடம், வாரண்டி ஆகல்ல" என்றது கவுண்டர்.
நவாஸ் பாய் மண்டிபோட்டு, கண்ணை மூடிக் கேட்டார்.
"இது பெல்ட் பக்கம்க்கா. நம்ம ஐட்டம் இல்ல."
இஞ்சின் அவர்களுக்கு, அச்சு இவருக்கு.
பாகம் பிரித்ததில்
சத்தம் என் பங்கு.

நானும் குடிநீர் வாரியத்தில்
புகார் போன் எடுப்பவள்தான்.
"பதிவாயிடுச்சு சார்" என்று
ஒரு நாளைக்கு நூற்றிருபது தடவை சொல்கிறவள்.
அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறதென்று
என்னிடம் கேளுங்கள்.

கஸ்டமர் லவுஞ்சுக்கு மூன்று படி.
மேலே ஏசி, மீன்தொட்டி, காப்பி மிஷின்.
கீழே, வண்டி கழுவுமிடத்தில்
அவரவர் சீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறோம்
நானும் அற்புதராஜும்.
அவருக்கு செல்ஃப் ஸ்டார்ட் போய் இரண்டு மாதம்.
"கிக்கர் இருக்கேங்கிறான் மேடம் கவுண்டர்ல.
ரோட்ல போறவனைக் கூப்பிட்டு
அண்ணே ஒரு உதை விடுங்கன்னு கேக்கவா?"
கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாராம்.
நேற்று காக்ஸ் டவுனில் உதைத்துக் கொடுத்தவர்
பத்து ரூபாயும் நீட்டினாராம்.
வாங்கிக்கிட்டீங்களா என்றேன்.
"பின்னே? பெட்ரோலுக்கு ஆச்சு."
நாங்கள் சிரித்த சிரிப்பில்
தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்த பையன்
குழாயோடு திரும்பிவிட்டான்.
என் சேலை நனைந்தது.

ஹாலேஷ் வந்தான். புது மெக்கானிக்.
ஓட்டிப் பார்க்கணும் என்றான்.
இறங்கி, ஊன்றுகோலோடு தூணில் சாய்ந்துகொண்டேன்.
கேட் தாண்டிய முதல் வளைவில்
பைக் ஓட்டுகிற பழக்கத்தில் உடம்பைச் சாய்த்தான்.
வண்டி சாயவில்லை, திரும்பவுமில்லை,
நேரே போய் இளநீர்க் குவியலில் நின்றது.
"இது சாயாது தம்பி" என்று இங்கிருந்து கத்தினேன்,
"ஹேண்டிலைத் திருப்பு, உடம்பை விட்ரு!"
இளநீர்க்காரர் பேசியதை எழுதுவதற்கில்லை.

பத்து நிமிடம் கழித்துத் திரும்பினான்.
தோள்பட்டையைத் தேய்த்துக்கொண்டான்.
தினமும் இதிலா ஆபீஸ் போறீங்க?
தினமும்.
ஒன்றும் பேசாமல் ஜாப் கார்டை
பெட்ரோல் டேங்க் மூடிமேல் வைத்து
பேனாவால் எழுதினான், கன்னடத்தில், ஒரே வரி:
சத்தம் உண்டு. நானே கேட்டேன்.
அடியில் கையெழுத்து, தேதி.

உண்டு.

கவுண்டர் அதை இரண்டு தடவை படித்தது.
ஹெட் ஆபீஸுக்கு அனுப்பிப் பார்க்கிறோம் என்றது.
வாரண்டி முடிய இன்னும் ஒன்பது நாள்.
அனுப்புவார்கள், பதிவாகும்,
எனக்குத் தெரியாததா.
ஒரு நகல் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அற்புதராஜின் வண்டியை ஹாலேஷ்தான் உதைத்துக் கொடுத்தான்.
பத்து ரூபாய் தரலையா என்று நான் கேட்டது
அவனுக்குப் புரியவில்லை.

லிங்கராஜபுரம் மேம்பாலத்து இறக்கத்தில்
நாற்பதைத் தொட்டேன்.
வந்தது சத்தம்,
தேதி கையெழுத்தோடு.